லவேனியாவுக்கு அனுப்பிய மீன்

மனிதர் யாவரும் சமம். இந்தப் பேருண்மையை ஆறடி மகோகனிப் பலகையில் பொன்னெழுத்தாகச் செதுக்கி, எங்கள் ஓட்டலின் முகப்பில் மாட்டுவதற்காகத் தலைநகர் சுவாவிலிருந்து லாரியில் வரவழைத்தார்கள். முன்வாசல் விருந்தாளிகளுக்கு மட்டும் என்பது விதி. ஆகவே பலகையைப் பின்பக்கமாக, சமையலறை வழியே, மீன் கூடைகளை உரசிக்கொண்டு தூக்கி வந்தோம். பொன்னெழுத்தில் ஒட்டிக்கொண்ட செதில்களை ஈரத்துணியால் துடைத்தவள் உனைசி அக்கா.

உனைசி அக்கா பதினெட்டு வருடமாக இங்கே அறை சுத்தம் செய்கிறாள். நான் விஜேந்திரா. யாருக்கு என்றைக்கு வேலை, யாருக்கு என்றைக்கு லீவு என்று வாராவாரம் பட்டியல் போடுகிறவன். ஓட்டல் நிற்கிற மண் அக்காவின் கணவருடைய குலத்துக்குச் சொந்தம். தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையில் இருக்கிறது. அந்த மண்ணில் வள்ளிக்கிழங்கு போட்டவரின் பேரன் மனைவி இன்று அதே இடத்தில் மெத்தை விரிக்கிறாள். நிலம் அவர்களுடையது, பேனா எங்களைப் போன்ற இந்தியர்களுடையது, சாவிக்கொத்து வெள்ளைக்காரருடையது. எங்கள் மேனேஜர் ட்ரெவர் இந்த ஏற்பாட்டை 'ஒரே குடும்பம்' என்பார். தன்னை யாரும் சார் என்று கூப்பிடக்கூடாது, ட்ரெவ் என்றே கூப்பிட வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவு போட்டிருக்கிறார். மீறினால் எச்சரிக்கைக் கடிதம் உண்டு.

தினமும் விருந்தாளிகள் புறப்படும்போது அறை சுத்தம் செய்யும் பெண்கள் காதில் செம்பருத்தி செருகிக்கொண்டு வரிசையாக நின்று பிரிவுப் பாட்டுப் பாட வேண்டும். இரண்டாவது அடியில் உனைசி அக்காவின் கண்ணில் நீர் வரும். மணி அடித்தாற்போல் வரும். அதைப் பார்த்து விருந்தாளிகளும் அழுவார்கள்; அடுத்த வருடத்துக்கு அங்கேயே அறை பதிவு செய்கிறவர்களும் உண்டு. பாடுவதற்கு மாதம் ஒரு சிறு படி கொடுத்தார்கள். கண்ணீருக்குத் தனியாக எதுவும் கிடையாது.

"எப்படிக்கா டக்குனு அழறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இப்பப் போறவன் மணல் காலோட கட்டில்ல புரண்டிருப்பான் தம்பி. அதை யாரு உதறணும்? அதை நெனச்சா தானா வருது."

அவளுக்கு ஒரே மகள், லவேனியா. நர்ஸ் படிப்பு முடித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். ஆஸ்திரேலியாவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுத்தார்கள்: ஊட்ட, குளிப்பாட்ட, துடைக்க. இங்கே ஊசி போட்டு வாங்குவதைப்போல நாலு மடங்கு அங்கே குளிப்பாட்டி வாங்கலாம். பெண்பிள்ளைகள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், அதிலும் எங்கள் தீவுப் பெண்கள்; இயல்பாகவே அன்பானவர்களாம். நாலு வருட ஒப்பந்தம். நடுவில் வந்துபோகும் செலவு சொந்தப் பொறுப்பு.

முந்தைய குழு போனபோது ஊர் ஊராக லாரியில் வந்து விமான நிலையத்தில் பாய் விரித்துப் பாடி அழுது வழியை அடைத்துவிட்டார்கள். அதனால் இந்த முறை ஏஜென்சிக்காரர்கள் ஒரு சட்டம் வைத்தார்கள்: ஒரு ஆளை வழியனுப்ப ஒரே ஒரு உறவு. லவேனியாவின் தகப்பன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். பஸ்ஸில் உட்கார முடியாது. ஆக, அந்த ஒரு உறவு உனைசி அக்கா.

இரண்டு வாரத்துக்கு முன்பே அவள் என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் ஒருக்களித்து அமர்ந்து, செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள். நல்ல வேர், கட்டைவிரல் தடிமன், கடாவு தீவிலிருந்து வந்தது. இடித்துக் கரைத்துக் குடித்தால் நாக்கு மரத்துக் கவலைகள் தூரப் போகும் தரம்.

"பதினாறாம் தேதி வியாழக்கிழமை எனக்கு லீவு வேணும் தம்பி. ஒரு நாள்தான். அவ கையில ஒரு வாய் சோத்தைக் குடுத்து, கழுத்துல மாலையைப் போட்டு, உள்ள போறவரைக்கும் பாத்துட்டு வந்துடறேன்."

இதற்கு ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது, மூன்று பிரதி. அதை நீட்டியிருக்கலாம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, பாய்லர் அறையில் எங்கள் கோஷ்டிக்கு வேர் தீர்ந்துபோயிருந்தது. நான் குனிந்து வேர்க்கட்டை இரண்டு கையாலும் தொட்டு எடுத்தேன். முறைப்படி மூன்று முறை கைதட்டினேன். எங்கள் ஊரில் வேரை எடுத்தவன் வேண்டுகோளையும் எடுத்தவன். அதற்கு மேல் கையெழுத்துத் தேவையில்லை.

பதினாறாம் தேதிக்கு நேரே உனைசி என்ற பெயருக்குக் குறுக்கே கோடும் போட்டேன். அது பென்சில் கோடு.

அந்தப் பதினாறாம் தேதி வாரத்தில்தான் ஒரு பெரிய மாநாடு வந்து சேர்ந்தது. 'இனம், வர்க்கம், பாலினம்: பசிபிக்கில் பொருளாதாரச் சமமின்மையின் வேர்களைத் தேடி.' பலகை வந்தது அதற்காகத்தான். வேர்களைத் தேடிப் பத்தொன்பது பேர் வந்தார்கள். தலைவி டாக்டர் பிலிப்பா. நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு வேலைக்காரியின் பெயரையும் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லி, கண்ணை மூடி மனதில் பதித்துக்கொள்வார். உனைசியை நான்கு நாளும் உனேசா என்று கூப்பிட்டார்.

புதன்கிழமை மாலை கடற்கரையில் ஒரு பயிற்சி. எல்லோரும் தண்ணீருக்கு அருகில் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகக் கேள்வி படிப்பார். ஆமாம் என்பவர்கள் ஒரு அடி முன்னே போக வேண்டும். கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் சமூகம் கண்முன்னே விரியுமாம். முதல் தடவை செய்தபோது பத்தொன்பது பேரும் ஒன்றாக நடந்து நேரே மதுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சமூகம் விரியவில்லை. பின்னால் நிற்க ஆள் வேண்டுமென்று உணர்ந்து, பணியாளர்கள் சிலரை அனுப்பும்படி ட்ரெவரிடம் கேட்டார்கள். அழுக்குப் போர்வை மூட்டையோடு போய்க்கொண்டிருந்த உனைசி அக்காவையும், அவளுடைய தோழிகள் மூவரையும், மாதிரிக்கு ஓர் இந்தியனாக என்னையும் நிறுத்தினார்கள்.

"சின்ன வயதில் உங்களுக்கென்று தனி அறை இருந்ததா?"

முன்னே ஒரு மனித அலை நகர்ந்தது. நாங்கள் நின்றோம்.

"வேலை கேட்டுப் போனால் முதலில் உங்கள் படிப்பைப் பார்க்கிறார்களா, நிறத்தைப் பார்க்காமல்?"

நான் ஒரு அடி வைக்கலாமா என்று யோசித்து அரை அடி வைத்தேன்.

"உங்கள் பாஸ்போர்ட்டைக் கண்டதும் கதவுகள் திறக்கின்றனவா?"

என் அரை அடி அங்கேயே நின்றது. என் அக்கா ஆக்லாந்து போய் இருபத்திரண்டு வருடம். மூன்று முறை விசா கேட்டேன், மூன்று முறையும் அழகான கடிதம் வந்தது.

"குடும்பத்தில் ஒரு முக்கியமான நாள். யாரிடமும் கெஞ்சாமல் லீவு எடுக்க உங்களால் முடியுமா?"

பத்தொன்பது பேரும் முன்னே போனார்கள். ட்ரெவரும் போனார். உனைசி அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது: எனக்குத்தான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே, நானும் ஒரு அடி போகலாமா என்று கேட்கிற சிரிப்பு. நான் தலையாட்டினேன். அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு அடி வைத்தாள்.

கடைசியில் டாக்டர் அம்மா எல்லோரையும் திரும்பிப் பார்க்கச் சொன்னார். கடல் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. தோழிகள் மூவரும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். அக்கா அவர்களுக்கு ஒரு அடி முன்னால், ஈரமணலில். நெடுநேரம் கைதட்டினார்கள். இரண்டு பேர் அழுதார்கள்.

"ஒரே அடிதான் தம்பி வெச்சேன், அதுக்கே இவ்வளவு கைதட்டா?" என்றாள் அக்கா. "லவேனியா நடை பழகினப்பகூட இப்படித் தட்டலை நாங்க."

அந்த ஒரு அடிதான் வினையானது. டாக்டர் அம்மா நெகிழ்ந்துபோய் ட்ரெவரிடம், நாளைக் காலை வழியனுப்பும் பாட்டை அந்தக் கடற்கரைப் பெண்களே பாட வேண்டும், முக்கியமாக முன்னே ஒரு அடி வைத்தவள், அதைப் படம் பிடிக்கப்போகிறோம் என்று கேட்டுக்கொண்டார். ட்ரெவர் என் பட்டியலை எடுத்தார். ரப்பரும் எடுத்தார்.

"ட்ரெவ், அது அவங்க மக..." என்றேன்.

"புரியுது நண்பா. எனக்கும் மக இருக்கா. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்குக் கல்யாண கோஷ்டி வருது, முப்பத்தெட்டு ரூம். நாம ஒரே குடும்பம்தானே? குடும்பம்னா விட்டுக்கொடுக்கறதுதான்."

பாய்லர் அறையில் மொசேசேயிடம் சொன்னேன். மொசேசே பாய்லர் பார்க்கிறவன், அக்காவின் கணவருக்குச் சித்தப்பா மகன்.

"வேரைத் திருப்பிக் குடுத்துடு" என்றான்.

"குடிச்சாச்சேடா. நீயும்தானே ஏழு செரட்டை குடிச்ச."

"நான் குடிச்சது சாதா தண்ணி. கைதட்டினவன் நீ. உன் வயித்துல இருக்கிறது அந்த லீவு."

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருந்தாள். கடைசியில் மொசேசேதான் போய்ச் சொன்னான்.

வியாழன் காலை அவள் வேலைக்கு வந்தாள். கோழி கூவுமுன் எழுந்து சமைத்ததெல்லாம் கையில் இருந்தது: மூடியிட்ட நீல நிறக் கிண்ணத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த பாறைமீன், தலையோடு. அவித்த சேப்பங்கிழங்கு தனியாக. வாழையிலைக்குள் மல்லிகையும் பச்சிலையும் கோத்த மாலை. என் மேசைமேல் வைத்தாள். தரையில் உட்காரவில்லை. திட்டினால் தேவலையாக இருந்திருக்கும்.

"அவங்க பஸ்ஸுல நீ பெட்டி ஏத்தி இறக்கப் போறியாமே?"

"ஆமாக்கா."

"பதினொரு மணிக்குள்ள உள்ள போயிடணுமாம் அவ. அதுக்கு முன்ன குடுத்துடு. அங்க கொண்டுபோக விடமாட்டாங்க, வாசல்லயே உக்கார வெச்சுத் திங்கச் சொல்லு. தலையை அவ திங்க மாட்டா, கண்ணு பாக்குதும்பா. அதை மட்டும் நீயே எடுத்துப் போட்டுடு. செவ்வாய்க்கிழமையே பயிற்சிக்குன்னு ஏஜென்சி வண்டியில ஏறினவ. அவசரத்துல தலையைக்கூட நான் வாரி விடலை."

பஸ்ஸில் நாற்பத்தைந்து இருக்கை. ஆட்கள் பத்தொன்பது. நான் கணக்கில் கொஞ்சம் கெட்டி என்பதால் டாக்டர் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பாட்டு முடிந்ததும் அக்காவை ஏற்றிக்கொள்ள நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ட்ரெவர் மறுக்க மாட்டார் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"விஜய், எனக்கு மனசு உடையுது. ஆனா நாங்க வெளியாளுங்க. உங்க உள்ளூர் ஏற்பாட்டுல நான் தலையிட்டா அது பழைய காலனி புத்தி ஆயிடும். அந்தத் தப்பை நான் மறுபடி செய்ய மாட்டேன்."

நான் விஜய் அல்ல என்று சொல்ல அது நேரமில்லை.

பாட்டு தொடங்கியது. காமிரா நேரே உனைசி அக்காவின் முகத்தில். முதல் அடி. இரண்டாவது அடி. ஒன்றும் வரவில்லை. அவள் கண்கள் பஸ்ஸின் காலி இருக்கைகளை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போயின, காய்ந்த கண்கள். படம் பிடித்த பெண் மறுபடி ஒருமுறை பாடச் சொன்னாள். மறுபடி பாடினார்கள். அப்போதும் இல்லை. "என்ன ஆச்சு இவளுக்கு?" என்று ட்ரெவர் பல்லைக் கடித்தார். மூன்றாவது முறையும் பாடிவிட்டு, விட்டுவிட்டார்கள். பஸ் கிளம்ப ஒன்பதே முக்கால் ஆயிற்று. இருந்தாலும் விமான நிலையம் இருக்கும் நாண்டிக்கு ஒரு மணி நேரம்தான், சமாளிக்கலாம்.

வழியில் பெண்கள் சங்கத்தின் சந்தை வந்தது. டாக்டர் அம்மா பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். ஒடுக்கப்பட்ட பெண்களின் பொருளாதாரத்துக்குத் தோள் கொடுக்காமல் எப்படிப் போவது? பத்தொன்பது பேரும் இறங்கித் தோள் கொடுத்தார்கள். சங்குமாலை பத்து டாலர் என்றதை ஆறுக்குக் கேட்டார்கள். ஏழரைக்கு முடிந்தது.

"மேடம், நேரம்..." என்றேன்.

"ப்ளைட் ஒன்றே கால்தானே விஜய்? ஏன் பதற்றம்? தீவு வாழ்க்கையிலேருந்து நாங்க கத்துக்க வேண்டியதே இந்த நிதானம்தான்."

நாற்பது நிமிடம். கிண்ணம் என் மடியில் இளஞ்சூடாக இருந்தது. பிறகு ஆறியது.

விமான நிலையத்தை அடைந்தபோது பதினொன்று இருபத்தைந்து. கிண்ணத்தோடும் மாலையோடும் ஓடினேன். ஏஜென்சிக்காரன் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "எல்லாரும் உள்ள போயாச்சு. ஒரு பொண்ணு மட்டும் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா, அம்மா வரும் வரும்னு. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக வேண்டியதாப் போச்சு." அவள் எண்ணுக்கு அடித்தேன். அணைத்திருந்தது.

வாழையிலையைப் பிரித்து மாலையைக் கையில் தூக்கிப்பிடித்து, கண்ணாடிக்கு அப்பால் அவள் தெரிகிறாளா என்று எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஓ விஜய்! இதெல்லாம் எதுக்கு!" டாக்டர் பிலிப்பா. கழுத்தை என் பக்கம் நீட்டிக் குனிந்து நின்றார். பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்த கழுத்தை என்ன செய்வது? போட்டேன். கைதட்டினார்கள்.

அவர்களுக்கும் லவேனியாவுக்கும் ஒரே விமானம். உனைசி அக்கா கட்டிய மாலை மகளோடு அதே விமானத்தில்தான் போயிற்று, இருபது வரிசை முன்னால். இறங்குமிடத்தில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள்; பூவுக்கு அங்கே அனுமதி இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அக்கா துணி அறையில் முப்பத்தெட்டாவது அறையின் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சாப்பிட்டாளா?"

"முழுக்க."

"மாலை?"

"கழுத்துல போட்டேன்."

இது மட்டும் பொய் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கழுவிய கிண்ணத்தை நீட்டினேன். அவள் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தாள், அதில் இன்னும் ஏதோ மிச்சமிருப்பதுபோல. அப்போதுதான் கண்ணீர் வந்தது. வரிசையில் நிற்கையில் வருவது போல அல்ல. மூக்கு ஒழுக, சத்தத்தோடு, பார்க்க அழகில்லாமல் வந்தது. காமிரா இல்லை.

மறுநாள் அறைச் சோதனைத் தாளில் ஒரு குறிப்பு இருந்தது: '212, ஒன்றே கால் மணிக்குப் பால்கனிக் கதவு திறந்திருந்தது. தலையணை உறை ஒன்று குறைகிறது.' எங்கள் பெண்கள் பால்கனியில் நிற்கக் கூடாது, காட்சி விருந்தாளிகளுக்கு. 212இலிருந்துதான் மேற்கே போகும் விமானங்கள் பவளத்திட்டுக்கு மேலே திரும்புவது தெரியும். உறை கீழே ஒரு தென்னை மட்டையில் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகமாக அக்கா ஆட்டியிருக்கிறாள். மொசேசே ஏறி எடுத்து, துவைக்கப் போட்டான். தாளில் நான் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை லவேனியா போன் செய்தாள் என்று மொசேசே சொன்னான். நெடுநேரம் பேசினார்களாம்.

திங்கள் காலை உனைசி அக்கா என் ஜன்னலுக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் இரவே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்: சந்தை, நாற்பது நிமிடம், அணைத்த போன், குனிந்த கழுத்து. அவள் எதையும் கேட்கவில்லை. வாரப் பட்டியலில் தன் பெயரை விரலால் தேடி, ஏழு நாளும் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தினாள்.

"உப்பு சரியா இருந்துச்சா தம்பி?"

"கொஞ்சம் தூக்கல்க்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. விமான நிலையக் கார் நிறுத்துமிடத்தில், காலி பஸ்ஸில், நாற்பத்தைந்தாவது இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தலையையும் விடவில்லை.